வலது பக்கத்துப் பொத்தான்

ஜனவரி 18

இந்த டைரி என் பேத்தி தமிழரசி கொடுத்தது. அவள் வேலை செய்கிற கம்பெனியில் புது வருஷத்துக்குக் கொடுத்தார்களாம். நீல அட்டை, வழவழவென்று இருக்கிறது. "எனுக்கு எதுக்கும்மா இது?" என்றேன். "அஞ்சாவது வரைக்கும் படிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறியே, எழுதிக் காட்டு ஆயா" என்றாள். சரி, எழுதிக் காட்டுகிறேன்.

முதல் பக்கத்தில் நல்லதைத்தான் எழுத வேண்டும். அதனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன்.

மகள் வயிற்றுப் பேத்தி மோனிஷா, வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்சு. டாக்டர்களே "சிஸ்டர், சிஸ்டர்" என்று அவள் பின்னால் வருவதாக என் மகள் சொல்கிறாள். அதில் பாதி உண்மை என்றாலும் பெருமைதான். மகன் வயிற்றுப் பேரன் கிருபாகரன் ஹாஸ்டலில் தங்கிப் பாலிடெக்னிக் படிக்கிறான். ஒரு அரியர் கிடையாது. கபடியில் மாவட்ட அளவில் கப்பு வாங்கினான். அதில்தான் இப்போது என் மருமகள் செல்வராணி கடுகு போட்டு வைத்திருக்கிறாள்.

தமிழரசி அவனுக்கு அக்கா. அவளைக் கடைசியாக எழுதுவதற்குக் காரணம் இடம் அதிகம் வேண்டும் என்பதுதான். ஒரகடம் பக்கத்தில் கார் கம்பெனிகளுக்குத் தகடு வெட்டிக் கொடுக்கிற கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறாள். முன்பு ஆம்பிளைகள் ஓட்டிய மிஷின். இப்போது அந்த வரிசை முழுக்கப் பெண்கள். அங்கேயே நாலு பெண்களாகச் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். எங்கள் தெருவில் சொந்தப் பேரில் பேங்கு கார்டு வைத்திருக்கும் முதல் பெண் அவள்தான். வீட்டுக்குக் கக்கூஸ் கட்டியது அவள். கிருபாவுக்குப் பீஸ் கட்டுவது அவள். என் கண்ணுக்கு ஆபரேஷன் செய்து, இந்த எழுத்து எனக்குத் தெரிவதும் அவளால்.

எல்லாவற்றையும்விட ஒன்று சொல்ல வேண்டும். என் மகன் ஏகாம்பரம் யாரையும் யோசனை கேட்கிற ஆள் இல்லை. போன மாசம் கேணி மோட்டார் ரிப்பேர் ஆனபோது போனை எடுத்து, "தமிழு, மாத்தலாமா? நீ இன்னா சொல்ற?" என்று கேட்டான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் குழம்பில் உப்பு சரியா என்றுகூட என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கை வலிக்கிறது. போதும்.

ஜனவரி 19

தமிழரசி இன்று ஒரகடத்துக்குக் கிளம்பினாள். முறுக்கும் மாங்காய் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தேன்.

நேற்று முன்தினம் காணும் பொங்கலுக்கு ஆற்றங்கரைக்குப் போயிருந்தோம். வளையல் கடையில் நின்று, "ஆயா, நல்ல கெட்டியான டிக்டிக் கிளிப்பு வாங்கிக் குடு. வளையாததா பாரு" என்றாள். இருக்கிற முடிக்கு எதற்கு இவ்வளவு கெட்டி என்று கேட்டேன். சிரித்தாள். முடிக்கு இல்லையாம், மிஷினுக்காம்.

வீட்டுக்கு வந்ததும் ரெண்டு சொம்பைக் கவிழ்த்து வைத்து விளக்கிக் காட்டினாள். மிஷினில் வலது பக்கம் ஒரு பச்சைப் பொத்தான், இடது பக்கம் ஒரு பச்சைப் பொத்தான். ரெண்டையும் ரெண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். தகட்டை வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், ரெண்டு பொத்தானையும் அழுத்த வேண்டும், மறுபடி எடுக்க வேண்டும். நேரம் ஆகும், கேட்கிற கணக்கு வராது. அதனால் வலது பக்கத்துப் பொத்தானை அழுத்தி, இடுக்கில் ஒரு கிளிப்பைச் செருகிவிட்டால் அது அழுத்தியபடியே இருக்கும். இடது கையால் அழுத்திக்கொண்டே வலது கையால் தகட்டை வைத்து வைத்து எடுக்கலாம். சரசரவென்று வேலை ஓடுமாம்.

"சாருங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"சூப்பர்வைசரே காலையில வந்து, இன்னாம்மா, கிளிப்பு கீதான்னுதான் கேப்பாரு. லைன்ல எல்லாருக்கும் அப்டித்தான் ஆயா. எனுக்குத்தான் கிளிப்பு வளைஞ்சி வளைஞ்சி போவுது."

என் பேத்தியின் சுறுசுறுப்புக்குக் கெட்டிக் கிளிப்பு வாங்கிக் கொடுக்காவிட்டால் நான் எதற்கு? கடையில் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். சிவப்பு, மேலே வெள்ளைப் புள்ளி. ஒரு அட்டை அவளிடம். இன்னொரு அட்டை அடுத்த தடவை வரும்போது கொடுக்கலாம் என்று என் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 6

மல்லாட்டைக்கு, டவுன்காரர் பாஷையில் வேர்க்கடலைக்கு, களை எடுத்தோம். இடுப்பு விட்டுப்போயிற்று. எழுத முடியவில்லை.

பிப்ரவரி 25

ஞாயிற்றுக்கிழமை. தமிழரசி போன் பண்ணினாள். கிளிப்பு கல்லு மாதிரி நிற்கிறதாம். வரிசையில் அவள்தான் முதலாம். "எல்லாம் ஆயா கிளிப்பு" என்று கூட இருக்கிற பெண்கள் சொல்கிறார்களாம். நசீமா என்று ஒரு பெண், ஆற்காட்டுக்காரி, அவள் போனைப் பிடுங்கி, "ஆயா, எனுக்கு ஒரு அட்டை கெடையாதா?" என்று கேட்டாள். வாயாடி. எனக்குப் பிடித்துவிட்டது.

மார்ச் 9

மனசு நிறைந்து எழுதுகிறேன். நேற்று மகளிர் தினம். கம்பெனியில் விழா எடுத்து, பெண்கள் வரிசையில் முதலாக வந்தவள் என்று தமிழரசிக்கு மேனேஜர் கையால் வெள்ளிக் கலர் கப்பு கொடுத்திருக்கிறார்கள். "பெண்கள் நாட்டின் கண்கள்" என்று மைக்கில் பேசினாராம். பிறகு ஒவ்வொரு பெண்ணையும் அவள் மிஷின் பக்கத்தில் நிற்க வைத்து, மேனேஜரும் கூட நின்று, கம்பெனி ஆளே போட்டோ எடுத்தாராம். அங்கே தொழிலாளிகள் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதனால் மிஷினோடு அவளைப் பார்க்க எனக்கு இதுவரை கொடுத்து வைக்கவில்லை. பிரேம் போட்டுத் தருகிறார்களாம். "எனுக்கு அனுப்பிடு" என்றேன்.

மார்ச் 17

படம் கொரியரில் வந்தது. கூடத்தில், வாசலைத் திறந்தால் கண்ணில் படுகிற மாதிரி ஆணி அடித்து மாட்டச் சொன்னேன். ஏகாம்பரம் சாமி படத்துக்கு மேலே அடித்துவிட்டான். பரவாயில்லை, சாமி கோபித்துக்கொள்ளாது.

நீலக் கோட்டு, தலையில் வெள்ளைத் தொப்பி. முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். இடது கையில் கப்பு. வலது கையை மிஷின் மேல் வைத்திருக்கிறாள், மாட்டின் முதுகில் கை வைக்கிற மாதிரி. பக்கத்தில் டை கட்டின மேனேஜர்.

தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுக் கிளியம்மாளும் வந்தாள். அவளுக்கு எதையும் மெச்சத் தெரியாது. "மிஷினு பக்கத்துல மாப்பிள்ள மாதிரி நிக்கறது யாரு? இல்ல, மிஷினையே கட்டி வெக்கப் போறீங்களா?" என்றாள்.

"மிஷினு உன் புள்ள மாதிரி குடிச்சிட்டு வராதுடி" என்றேன். செல்வராணி உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள்.

மார்ச் 31

பழைய அரிசியில் வண்டு. நாள் முழுக்கப் புடைத்தேன். நடுநடுவே படத்தைப் பார்த்துக்கொள்வேன்.

ஏப்ரல் 5

ஏகாம்பரம் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போன் வந்தது. பேசிக்கொண்டே எழுந்தான், கையைக்கூடக் கழுவவில்லை. செல்வராணியைக் கூப்பிட்டுக் கொல்லைப்புறம் போனான். ரெண்டு பேரும் உடனே பஸ் ஏறிவிட்டார்கள். தமிழரசிக்கு மஞ்சள் காமாலையாம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம்.

கடையில் தின்றால் காமாலை வராமல் என்ன செய்யும். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் இல்லை. நானே காட்டினேன்.

ஏப்ரல் 7

வரப்பெல்லாம் தேடிக் கீழாநெல்லி பறித்து வந்து அரைத்து, சின்ன சம்படத்தில் போட்டு, மாற்றுத் துணி எடுக்க வந்த ஏகாம்பரத்திடம் கொடுத்தேன். மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடு என்று சொன்னேன். "சரிம்மா" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. தூக்கம் இல்லாதவன் யார் முகத்தைப் பார்ப்பான்.

ஏப்ரல் 14

சித்திரை வருஷப் பிறப்பு. வீட்டில் வடை பாயசம் இல்லை. மோனிஷா வேலை செய்கிற வேலூர் ஆஸ்பத்திரிக்கே தமிழரசியை மாற்றிவிட்டார்களாம். சொந்தக்காரி நர்சாக இருந்தால் எவ்வளவு வசதி. படிக்க வைத்தது வீண் போகவில்லை.

ஏகாம்பரமும் செல்வராணியும் திரும்பி வந்தார்கள். துணிப் பையைத் துவைக்க எடுத்தேன். உள்ளே கீழாநெல்லிச் சம்படம் அப்படியே இருந்தது. காய்ந்து மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் நாட்டு மருந்தை விடமாட்டார்கள். எனக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 18

தமிழரசி போனில் பேசினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. மோனிஷாதான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, "இரு, காதுல வெக்கறேன்" என்று அவள் குரல் கேட்டது. காமாலை அவ்வளவு அசதி கொடுக்கும்.

"சாப்டியா ஆயா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். பிறகு, "அந்தப் போட்டோவ கழட்டி உள்ள வெச்சிடு ஆயா" என்றாள்.

"ஏன்டி?"

"சும்மாத்தான். அதுல நான் நல்லா இல்ல."

நல்லா இல்லையாம். "நான் செத்தாத்தான் அது எறங்கும்" என்று சொல்லிவிட்டேன். அவள் அழுதாளா, லைன் சரியில்லையா தெரியவில்லை.

ஏப்ரல் 22

செல்வராணி பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து தமிழரசியின் சுடிதார்களை எடுத்து வைத்துக்கொண்டு, பேண்ட்டுகளில் நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் கோத்துக்கொண்டிருந்தாள். எல்லா பேண்ட்டிலும்.

"நாடா நல்லாத்தானே இருந்துச்சி?" என்று கேட்டேன்.

"காமாலைக்கு வயிறு இறுக்கமா இருக்கக் கூடாதாம் அத்தை."

நல்ல யோசனைதான். பட்டன் வைத்த நைட்டிகளில் பட்டனையும் எடுத்துவிட்டு, ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்துத் தைத்தாள். அதற்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் தைக்கும்போது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். ஆபரேஷன் செய்த கண், இப்போது எல்லாம் நன்றாகத் தெரிகிறது.

ஏப்ரல் 27

நம் வீட்டுக்குக் கார் வந்தது! தமிழரசி கம்பெனியிலிருந்து ஒரு சார். மடிப்புக் கலையாத சட்டை. ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் கொண்டுவந்தார். ஏகாம்பரமும் செல்வராணியும் வயலில். கிளியம்மாள் வாசல் தெளிக்கிற சாக்கில் மத்தியான வெயிலில் வந்து நின்று பார்த்தாள்.

"உங்க பேத்தி எங்க கம்பெனிக்கே பெருமை பாட்டி" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். காமாலை எப்போது சரியாகும், வேலையில் எப்போது சேர்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஆமாமா, காமாலைதான். சரியாயிடும்" என்றார்.

அப்புறம் சுவரைப் பார்த்தார். மகளிர் தினப் படங்களை எல்லாரிடமும் வாங்கி, பெரிசு பண்ணி ஆபீசில் மாட்டப்போகிறார்களாம். "இதக் குடுங்க பாட்டி, பெரிசா ஒண்ணு உங்களுக்கும் தரோம்" என்று எழுந்து கையை நீட்டினார்.

எனக்கு ஆசைதான். ஆனால் நாளைக்குத் திரௌபதியம்மன் தீமிதி. என் தங்கச்சி வீட்டு ஜனமெல்லாம் வருகிறது. அவர்கள் வருகிற அன்றைக்கா ஆணியை வெறுமனே விடுவது? "தீமிதி முடியட்டும் சார், வந்து எடுத்துக்குங்க" என்றேன். ரெண்டு தடவை கேட்டுப் பார்த்தார். நான் படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அவர் சிரித்தார். பல் மட்டும் சிரித்தது.

சாயங்காலம் ஏகாம்பரத்திடம் சொன்னேன். ஆப்பிளை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்குப் போட்டான். ஏன்டா என்றால் அழுகல் என்றான். நான் பார்த்தேன், அழுகல் இல்லை.

ஏப்ரல் 29

தங்கச்சி வீட்டார் படத்தைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் காட்டினேன். அவ்வளவுதான்.

மே 12

இதை எழுத எனக்கு எழுத்து போதுமா தெரியவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நசீமா வந்தாள், அதே வாயாடி. போனில் கேட்ட குரலுக்கு ஆள் ரொம்பச் சின்னவள். பஸ்சை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். பசி. தோசை வார்த்துப் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, "ஆயா தோசைன்னு தமிழு எப்பவும் சொல்லும்" என்றாள். பிறகு சாதாரணமாக, "கை ஆறிட்டு வருதுன்னு மோனிஷாக்கா சொன்னாங்க. இனிமே கட்டு தேவையில்லையாமே" என்றாள்.

நான் கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டேன். "எந்தக் கை?" என்று கேட்டேன். ஏதோ தெரிந்தவள் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"வலது கை ஆயா. கட்டை வெரலு மட்டும்தானே மிச்சம்…" என்று சொல்ல வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த தோசைத் துண்டைத் தட்டிலேயே போட்டுவிட்டாள்.

செல்வராணி புல்லுக்கட்டோடு வாசலில் வந்து நின்றாள். எங்களைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டாள். தலையில் இருந்த கட்டை இறக்கவே இல்லை. அப்படியே நின்றாள். "ஆயாவுக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினா அத்தை" என்றாள். "அம்மாவுக்கு, அப்பாவுக்கு, ஊருக்கே தெரிஞ்சாலும் சரி, ஆயாவுக்கு வேணாம்னா. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா."

ஏன் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சொல்லவில்லை.

நசீமா மீதியைச் சொன்னாள். சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

இடது கை பொத்தானை அழுத்தி அழுத்தி எடுக்க, வேலை ஓடிக்கொண்டிருந்ததாம். தகடு ஒன்று கோணலாக நின்றதைச் சரி செய்ய வலது கையை உள்ளே விட்டிருக்கிறாள். இடது கை பழக்கத்தில் அழுத்திவிட்டது. வலது பக்கத்துப் பொத்தானில் கிளிப்பு இருந்தது. அச்சு இறங்கிவிட்டது.

மறுநாள் காலையில் எல்லா மிஷினிலும் "கிளிப் பயன்படுத்தத் தடை" என்று பேப்பர் ஒட்டிவிட்டார்கள். சூப்பர்வைசர், "நான் கிளிப்பையே பார்த்ததில்லை" என்கிறார். கம்பெனி என்ன சொல்கிறது என்றால், அந்தப் பெண் சட்டத்தை மீறித் தானாகவே மிஷினைக் கெடுத்து வைத்திருந்தாள், எங்களுக்குத் தெரியாது, அதனால் எங்களுக்குப் பொறுப்பில்லை. வேலையிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். வரிசையில் இருக்கிற பெண்கள் வாயைத் திறந்தால் அவர்களுக்கும் அதேதான். தமிழரசி ஆஸ்பத்திரியில், "நான்தானே செருகனேன், விடுங்க" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாளாம்.

தொழிற்சங்கத்து அம்மா ஒருவர் வழக்குப் போடலாம் என்கிறார். ஆனால் கம்பெனிக்குக் கிளிப்பு தெரியும் என்று காட்ட ஏதாவது வேண்டும். உள்ளே போன் கொண்டுபோக முடியாது, யாரிடமும் படம் இல்லை. கம்பெனியே எடுத்த மகளிர் தினப் படங்களையும், பெரிசு பண்ணுகிறோம் என்று சொல்லி எல்லாப் பெண்களிடமும் திரும்ப வாங்கிவிட்டார்கள்.

"தமிழு போட்டோ மட்டும் ஊர்ல கீதுன்னு ஞாபகம் வந்துச்சி. அதான் ஓடியாந்தேன்" என்றாள் நசீமா. "அதுல பொத்தான் தெரியுமா ஆயா?"

நானே நாற்காலி போட்டு ஏறி இறக்கினேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தேன். இத்தனை நாளும் அவள் முகத்தைப் பார்த்தேன், கப்பைப் பார்த்தேன், தொப்பியைப் பார்த்தேன். வலது கைக்குக் கொஞ்சம் கீழே பச்சைப் பொத்தான். அதில் சிவப்பாக ஒன்று. வெள்ளைப் புள்ளிகூடத் தெரிகிறது. மேனேஜரின் கை அதற்குப் பக்கத்தில், தொட்டும் தொடாமலும் இருக்கிறது. அவருடைய பார்வையும் அங்கேதான் இருக்கிறது. பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

நசீமா, "ஆயா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. நான் பொத்தானைப் பார்க்கவில்லை. மிஷின் மேல் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சு விரலும் விரிந்து இருந்தது. சுண்டு விரலில் நான் போட்ட வெள்ளி மோதிரம்.

மே 13

தண்ணீர் சேந்தக் கேணிக்குப் போனேன். டிரங்குப் பெட்டியில் இருந்த கிளிப்பு அட்டை எப்படியோ மடியில் இருந்திருக்கிறது. குனியும்போது உள்ளே விழுந்துவிட்டது. போனால் போகிறது.

மே 14

ஏகாம்பரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "திட்டும்மா" என்றான். திட்டவில்லை. அவன் தலையில் எண்ணெய் வைத்தேன். நாற்பத்தெட்டு வயசு ஆகிறது, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "இனிமே அவகிட்ட மோட்டார் பத்திக் கேக்கறது எப்டிம்மா" என்றான். கேளுடா என்றேன். போனது வாயில்லையே.

பிறகு படத்தைப் பழைய வேட்டியில் சுற்றி அவன் கையில் கொடுத்தேன். சங்கத்து அம்மாவிடம் சேர்த்துவிட்டு வந்தான். வக்கீல் பார்த்துவிட்டு, இது போதும் என்று சொல்லவில்லை. ஆனால் இது இல்லாமல் ஒன்றும் முடியாது என்றாராம். தொழிலாளர் ஆபீசில் கொடுக்கப் போகிறார்கள். படம் திரும்பி வர வருஷக்கணக்கில் ஆகலாமாம்.

சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது.

மே 19

அதே கார். அதே சார். இந்தத் தடவை பழம் இல்லை. உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்தார்.

"போட்டோ எங்க பாட்டி?"

"நீங்க சொன்ன மாதிரியேதான் சார்" என்றேன். "பெரிசு பண்ணக் குடுத்திருக்கு."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! செல்வராணி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முன்பு மாதிரி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு திண்ணையில் உட்கார்ந்தேன். கிளியம்மாள் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மே 26

நசீமா பேசினாள். வரிசையில் இப்போது யாரும் கிளிப்பு வைப்பதில்லை. ரெண்டு கையாலும்தான் அழுத்துகிறார்கள். கணக்குக் குறைகிறது, சூப்பர்வைசர் கத்துகிறார். கத்தட்டும் என்று ரெண்டு கையாலும் அழுத்துகிறார்களாம். நசீமாவை வேறு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். பயமாக இல்லையா என்றேன். "இருக்கு ஆயா. வேலைக்குப் போவாம வூட்ல குந்தறது அதைவிடப் பயம்" என்றாள்.

ஜூன் 2

தமிழரசியோடு பேசினேன். நான் எல்லாம் தெரிந்துகொண்டேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் மழை வருமா, மல்லாட்டை எப்படி என்று பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அவளே சொன்னாள். "வக்கீலு கேட்டாரு ஆயா, கிளிப்பு ஏதுன்னு. கம்பெனிக்கு எதுர்ல கீற கடையில நானே வாங்கனதுன்னு சொல்லிட்டேன். நீயும் யார் கேட்டாலும் அப்டியே சொல்லு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். லைன் கட்டாகிவிட்டது.

ஜூன் 9

மல்லாட்டை பிடுங்கினோம். இந்த வருஷம் காய் பரவாயில்லை.

மோனிஷாவின் குவார்ட்டர்ஸில்தான் தமிழரசி இருக்கிறாள். நான் வந்து பார்க்கட்டுமா என்றால் வேண்டாம் என்கிறாள். நீயாவது வா என்றால், "வரேன் ஆயா, இப்ப இல்ல" என்கிறாள். தெருவில் எல்லாரும் கையைத்தான் பார்ப்பார்களாம். ஸ்பூனால் சாப்பிடுகிறாள். இடது கையால் பேரை எழுதிப் பழகுகிறாள் என்று மோனிஷா சொன்னாள். பேங்கில் கையெழுத்து மாற்றுவதற்காம். கோணல் மாணலாக இருக்கிறது என்று ஒளித்து வைத்துக்கொள்கிறாளாம். என் எழுத்தைவிடவா கோணல்?

இன்று போனில், "செவுத்துல இப்ப இன்னா கீது ஆயா?" என்று கேட்டாள்.

"ஆணி கீது" என்றேன்.

பேச நினைத்த மீதியைப் போனில் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன். ஏகாம்பரம் வேலூருக்குப் போகும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தனுப்புவேன்.

தமிழு, உன் ஆயா எழுதுவது. புதுசாக ஒரு போட்டோ எடுத்துக்கொள். போனில் அனுப்பாதே, போனில் வருவதைச் சுவரில் மாட்ட முடியாது. ஸ்டுடியோவில் எடுத்துத் தபாலில் போடு. பச்சைச் சேலை கட்டிக்கொள், அது உனக்கு எடுப்பாக இருக்கும். மோனிஷாவைத் தலை பின்னிவிடச் சொல். ரிப்பன் போதும். பூ வைத்துக்கொள். அந்த மோதிரம் ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தால் இடது கை விரலில் போட்டுக்கொள்.

கையை முந்தானைக்குள் விடாதே. முதுகுக்குப் பின்னால் வைக்காதே. போட்டோக்காரன் மறைக்கச் சொன்னாலும் கேட்காதே. ரெண்டு கையும் முன்னால் தெரிய வேண்டும். யார் வீட்டுக்கு வந்தாலும் முன்பு மாதிரியே கூப்பிட்டுக் காட்டுவேன். என் பேத்தி என்று சொல்லித்தான் காட்டுவேன்.

ஆணியை நான் பிடுங்கவில்லை. சீக்கிரம் போடு.